34வது கிலோமீட்டரில் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மறுபடியும் முயற்சி செய்யலாமா?

விடியல்ஓட்டம்

எல்லாருக்கும் வணக்கம். வயது 41, ஓட ஆரம்பித்து இரண்டரை வருடம் ஆகிறது. நான்கு ஹாஃப் மாரத்தான் முடித்திருக்கிறேன். அதில் சிறந்த நேரம் 2 மணி 31 நிமிடம். போன ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக முழு மாரத்தானில், அதாவது 42 கிலோமீட்டரில், இறங்கினேன். முடிக்கவில்லை. மொத்தக் கட்-ஆஃப், அதாவது முடித்தாக வேண்டிய நேரம், 6 மணி நேரம். நடுவில் 35வது கிலோமீட்டரை 5 மணி நேரத்துக்குள் தாண்டியாக வேண்டும்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பாதித் தூரத்தை 2 மணி 29 நிமிடத்தில் கடந்தேன். மூச்சு சீராக இருந்தது, கால் லேசாக இருந்தது, இன்றைக்கு நம் நாள் என்று நினைத்தேன். 24ஐத் தாண்டியதும் தொடை இரண்டும் கனக்க ஆரம்பித்தன. 27இல் இரண்டாவது ஜெல் (ஓடும்போது சாப்பிடும் மாவுச்சத்துக் கூழ்) எடுத்தேன். 29இல் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். அப்புறம் எதுவும் உள்ளே இறங்கவில்லை. 32வது கிலோமீட்டர் எய்ட் ஸ்டேஷனில், வழியில் தண்ணீரும் உணவும் கொடுக்கிற இடத்தில், ஒரு நாற்காலி இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது இடது கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. தாங்கித் தாங்கி நடந்தேன். 34ஐத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் 5 மணி நேரம் முடிந்துவிட்டது. பின்னால் வந்த வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். உள்ளே ஏற்கெனவே நான்கு பேர் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பயிற்சியில் குறை வைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். 18 வாரம், வாரத்துக்கு நான்கு நாள், 35 முதல் 40 கிலோமீட்டர். நீண்ட ஓட்டம் அதிகபட்சம் 30, ஒரே ஒரு தடவை. தண்ணீர் குறையவே கூடாது என்று எல்லாரும் சொன்னதால் இரண்டரை கிலோமீட்டருக்கு ஒன்றாக இருந்த எல்லா ஸ்டேஷனிலும் இரண்டிரண்டு கப் குடித்தேன். இன்னொரு விஷயம், சம்பந்தம் உண்டா தெரியவில்லை: கையில் இருந்த மோதிரம் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் வரை கழற்ற முடியவில்லை. தலைவலியும் இருந்தது.

முழு மாரத்தான் என் உடம்புக்கு ஒத்துவராதா, இல்லை மனஉறுதி போதவில்லையா? வீட்டில் ஹாஃபோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். ஐந்து மாதத்தில் இன்னொரு பந்தயம் இருக்கிறது, பதிவு செய்ய இன்னும் பத்து நாள்தான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓடுநட

முதல் பாதி வேகம் அதிகம். அதில் சந்தேகமே இல்லை. அடுத்த தடவை முதல் நிமிடத்திலிருந்தே ஓட்டம்-நடை முறையில் போங்கள். 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்கும் முன்பே கணக்குப் போட்டு நடப்பது வேறு. இதைப் பிரபலமாக்கிய ஜெஃப் காலோவே 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர், ஓடத் தெரியாதவர் இல்லை. நான் இந்த முறையில்தான் ஆறு மாரத்தான் முடித்தேன். பதிவு செய்யுங்கள்.

நெடுந்தூரம்

வணக்கம் தோழி. உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன், ஏனென்றால் அது என் கதையும்கூட. எனக்கு 53 வயது. 42இல் ஆரம்பித்தேன். இதுவரை 14 மாரத்தானில் நின்று 11ஐ முடித்திருக்கிறேன். என் சிறந்த நேரம் 5 மணி 4 நிமிடம், மோசமானது 5 மணி 58. ஐம்பது கிலோமீட்டர் நான்கு தடவை. நூறு கிலோமீட்டர் இரண்டு தடவை போய் ஒரு தடவைதான் முடித்தேன். இந்தப் பதினொரு வருடமும் கடைசிக் கூட்டத்தில் ஓடியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். உடம்பும் ஒத்துவரும், மனஉறுதியும் இருக்கிறது. வாந்தி எடுத்த பிறகும், சதை பிடித்த பிறகும் நடந்துகொண்டே இருந்தவரிடம் மனஉறுதி இல்லை என்று யார் சொல்வார்கள்? நீங்கள் பயிற்சி எடுத்தது ஒரு பந்தயத்துக்கு, ஓடியது இன்னொரு பந்தயம். அதுதான் நடந்தது.

2023இல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2 மணி 0 நிமிடம் 35 விநாடியில் மாரத்தானை முடித்தார். அந்த நேரத்தில் நீங்களும் நானும் சரியான வேகத்தில் போனால் 15வது கிலோமீட்டரில் இருப்போம். 42.195 என்ற தூரம் மட்டும்தான் எல்லாருக்கும் ஒன்று. ஐந்தரை மணி நேரம் காலில் நிற்பவருக்கு வேண்டிய உணவு வேறு, தண்ணீர்க் கணக்கு வேறு, வெயில் வேறு. விடிகாலையில் கிளம்பினால் முன்வரிசைக்காரர் வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார். நமக்குக் கடைசிப் பத்து கிலோமீட்டர் முழுக்க வெயிலில்தான். நாம் போய்ச் சேரும்போது ஸ்டேஷனில் வாழைப்பழம் தீர்ந்திருக்கும். ஆனால் நமக்குக் கிடைக்கிற பயிற்சித் திட்டம், அறிவுரை எல்லாம் பெரும்பாலும் நான்கு மணி நேரத்தில் முடிப்பவரை மனதில் வைத்து எழுதியவை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று தோல்வி தேவைப்பட்டது. உங்களுக்கு ஒன்றே போதும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வேகத்தைப் பற்றி ஓடுநட சொன்னது சரி. எவ்வளவு அதிகம் என்பதைக் கணக்கோடு பாருங்கள். உங்கள் சிறந்த ஹாஃப் 2:31. முழு மாரத்தானின் முதல் பாதி 2:29. அதாவது இன்னும் ஒரு பாதி மிச்சம் இருக்கும்போதே உங்கள் வாழ்நாளின் வேகமான ஹாஃபை ஓடிவிட்டீர்கள்! பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977இல் ஒரு சூத்திரம் கொடுத்தார். ஒரு தூரத்தில் உங்கள் நேரத்தை வைத்து இன்னொரு தூரத்தின் நேரத்தைக் கணிக்கலாம். ஹாஃப் நேரத்தைச் சுமார் 2.085ஆல் பெருக்கினால் முழு மாரத்தான் நேரம் வரும். உங்களுக்கு 5 மணி 15 நிமிடம். வாரத்துக்கு 40 கிலோமீட்டர் ஓடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கணிப்பும் கொஞ்சம் ஆசைதான், 15 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். 5:30 என்றால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 49 விநாடி, பாதியை 2:45இல் தாண்ட வேண்டும். நீங்கள் 16 நிமிடம் முன்னால் இருந்தீர்கள்.

அந்த 16 நிமிடம் சேமிப்பு இல்லை, கடன். நானும் என் மூன்றாவது மாரத்தானில் முதலிலேயே கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்வோம் என்று நினைத்து 37வது கிலோமீட்டரில் நின்றேன். பிப்பை, மார்பில் குத்துகிற எண் காகிதத்தை, பிடித்திருந்த நான்கு ஊக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்தக் காகிதத்தை மடித்து, பையில் வைத்துக்கொண்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. 7:49 வேகத்தில் போயிருந்தால் 35வது கிலோமீட்டர் கட்-ஆஃபை நீங்கள் 4 மணி 33இலேயே தாண்டியிருப்பீர்கள். 27 நிமிடம் கையில் இருந்திருக்கும். மெதுவாகப் போனால்தான் உங்களுக்கு நேரம் மிஞ்சுகிறது, பார்த்தீர்களா?

இனி சாப்பாடு. இதைத்தான் நான் ரொம்பத் தாமதமாகக் கற்றேன். தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கிற கிளைகோஜன், அதாவது சேமிப்புச் சர்க்கரை, சுமார் 400 முதல் 500 கிராம், அதாவது 2,000 கலோரிக்குள். ஓடுவதற்கு உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி ஆகும். 60 கிலோ உள்ளவருக்கு முழுத் தூரத்துக்கு 2,500. உடம்பு கொழுப்பையும் எரிக்கும், ஆனால் வேகம் கூடக் கூடச் சர்க்கரையைத்தான் அதிகம் கேட்கும். 30க்கு மேல் பலரும் சுவரில் முட்டியது போல நின்றுபோவது இதனால்தான். இவ்வளவு நீண்ட பந்தயத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு ஜெல்லில் 20 முதல் 25 கிராம் இருக்கும். நீங்கள் எடுத்தது இரண்டே ஜெல், அதில் இரண்டாவதும் வெளியே வந்துவிட்டது. ஐந்து மணி நேரத்தை ஒரு ஜெல்லில் ஓட்டியிருக்கிறீர்கள். நான் இப்போது முதல் ஜெல்லை 35வது நிமிடத்தில் எடுக்கிறேன், பசி இருக்கிறதோ இல்லையோ. அப்புறம் ஒவ்வொரு 35 நிமிடத்துக்கும் ஒன்று. கைக்கடிகாரம் அடித்தால் சாப்பிடுவது, அவ்வளவுதான்.

ஆனால் வயிறு ஒரே நாளில் இதற்குச் சம்மதிக்காது. ஓடும்போது ரத்தம் காலுக்கும் தோலுக்கும் போய்விடுகிறது, குடலுக்குக் குறைந்துவிடுகிறது. வேகமும் வெயிலும் கூடினால் இன்னும் குறையும். அந்த நேரத்தில் பழக்கமில்லாத ஜெல் உள்ளே போனால் அப்படியே தங்கி, குமட்டி, வெளியே வரும். உங்களுக்கு 27இல் போனது 29இல் வந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வயிற்றையும் தசையைப் போலப் பழக்கலாம். நீண்ட ஓட்டம் ஒவ்வொன்றிலும் பந்தயத்தன்று எடுக்கப்போகிற அதே ஜெல்லை, அதே இடைவெளியில் எடுங்கள். முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் ஏற்றுக்கொள்ளும்.

குமட்டல் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இல்லை. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் இரண்டாவது நூறு கிலோமீட்டரில், 58வது கிலோமீட்டர் வாக்கில், வயிறு மூடிக்கொண்டது. இரவு. தலைவிளக்கின் வெளிச்சம் காலடியில் ஒரு வட்டம், அதற்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஜெல் உறையைக் கிழித்த வாசனைக்கே தொண்டை இறுகியது. முதல் தடவை 71இல் நின்றதும் இதே மாதிரி ஒரு கட்டத்துக்குப் பிறகுதான், அதனால் பயம் பிடித்துக்கொண்டது. ஓடுவதை நிறுத்தி நடந்தேன், அதுவும் கடைக்குப் போகிற நடை. பத்து நிமிடம் எதையும் வாயில் வைக்கவில்லை. அப்புறம் ஒரு வாய் தண்ணீர், கொப்பளித்துத் துப்பினேன். இன்னும் ஐந்து நிமிடம் கழித்து வாழைப்பழத்தில் நகம் அளவு ஒரு துண்டு. அதை மென்று மென்று தண்ணீராகும்வரை வாயில் வைத்திருந்தேன். விழுங்கியது கீழே போய்த் தங்கியது. இன்னொரு துண்டு. முக்கால் மணி நேரத்தில் முழுப் பழமும் உள்ளே போய்விட்டது, நெற்றியில் இருந்த சில்லிட்ட வியர்வை நின்றது, நான் ஓட ஆரம்பித்திருந்தேன். 16 மணி நேரக் கட்-ஆஃபில் 15 மணி 20இல் முடித்தேன். வேகம் குறைந்தால் ரத்தம் வயிற்றுக்குத் திரும்பும், வயிறும் திரும்பி வரும். உங்களிடம் அன்றைக்கு இதற்குச் செலவழிக்க நேரம் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது தண்ணீர். மோதிரத்துக்குச் சம்பந்தம் உண்டா என்று கேட்டீர்கள். நீண்ட நேரம் கையைத் தொங்கவிட்டு ஓடினாலே விரல் கொஞ்சம் வீங்கும், அது மட்டும் பயப்படுகிற விஷயம் இல்லை. ஆனால் மோதிரம், வாந்தி, தலைவலி மூன்றும் சேர்ந்து வந்ததும், நீங்கள் குடித்த அளவும் எனக்குப் பிடிக்கவில்லை. 34 கிலோமீட்டருக்குள் 13 ஸ்டேஷன், இரண்டிரண்டு கப், கப்புக்கு 150 மில்லி என்று வைத்தால் கிட்டத்தட்ட 3.9 லிட்டர், எல்லாம் வெறும் தண்ணீர். மெதுவாக ஓடுகிற நமக்கு மணிக்கு அவ்வளவு வியர்க்காமல் போகலாம். வெளியே போவதைவிட உள்ளே வருவது கூடினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள், 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைவாக இருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம் என்று அதில் தெரிந்தது. அதாவது நம் கூட்டம். முற்றினால் குழப்பம், வலிப்பு, உயிர் ஆபத்து வரை போகும்.

அறிவுரை எப்படி மாறி வந்திருக்கிறது பாருங்கள். ஒரு காலத்தில் ஓடும்போது குடிக்காமல் இருப்பதுதான் வீரம். 1954இல் வான்கூவரில் ஜிம் பீட்டர்ஸ், மாரத்தானை முதன்முதலில் 2 மணி 20 நிமிடத்துக்குள் ஓடியவர், அடுத்தவரைவிட வெகுதூரம் முன்னால் ஸ்டேடியத்துக்குள் வந்தார். அந்த வெயிலில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, கடைசிச் சுற்றை முடிக்க முடியாமல் தூக்கிச் சென்றார்கள். அதற்குப் பிறகு அவர் பந்தயத்தில் ஓடவே இல்லை. பின்னால் வந்த தலைமுறைக்கு நேர்மாறாக, தாகத்துக்கு முன்பே முடிந்த அளவு குடி என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டும் ஆளைச் சாய்த்தன. இப்போது சொல்வது, தாகம் எடுத்தால் குடி.

உங்கள் அளவைக் கண்டுபிடிக்க ஒரு எடை மெஷின் போதும். ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், பின்னால் பார்க்கும்போது வியர்வையைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். நடுவில் எதுவும் குடிக்காதீர்கள். குறைந்த ஒவ்வொரு 100 கிராமும் கிட்டத்தட்ட 100 மில்லி வியர்வை. எனக்குக் குளிர்ந்த காலையில் 700, நல்ல வெயிலில் 1,300. வித்தியாசத்தைப் பாருங்கள்! அதனால் யாரோ சொன்ன அளவை நான் கேட்பதில்லை. ஓடி முடித்ததும் எடை கூடியிருந்தால் நிச்சயம் அதிகம் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இன்னும் தலைவலி இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இல்லாவிட்டாலும் அடுத்த பந்தயத்துக்கு முன் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 30ஐ ஒரு தடவைக்குப் பதில் மூன்று தடவை ஓடுங்கள். நான் கிலோமீட்டரை எண்ணுவதில்லை, மணியை எண்ணுகிறேன். சனிக்கிழமை இரண்டு மணி நேரம், ஞாயிறு களைத்த காலோடு மூன்றரை மணி நேரம், அதில் கடைசி ஒரு மணி நேரம் நடையாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே நாளில் ஐந்து மணி நேரம் ஓடிப் பார்க்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அதிலிருந்து தேறி வரவே இரண்டு வாரம் போய்விடும்.

பதிவு செய்யலாமா என்றால், செய்யுங்கள். ஆனால் பத்து நாளில் ஏழு நாள் காத்திருங்கள். கால் வலி போன பிறகும் ஓட ஆசை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

தன்னார்வலர்72

நான் ஓடுபவன் இல்லை. எட்டு வருடமாக மாரத்தான்களில் கடைசி வண்டியோடு போகிறவன். வண்டிக்குள் யாரும் யாரையும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டியில் ஏறச் சொல்லும் நேரம் எங்களுக்கும் எளிதில்லை. சாலையைத் திறந்துவிட வேண்டும், ஸ்டேஷன்களை எடுத்துவிட்டார்கள், முன்னால் தண்ணீரும் இல்லை, மருத்துவக் குழுவும் இல்லை. அந்த நிலையில் ஒருவரைத் தனியாக விட முடியாது. ஏறியதும் முதலில் போர்த்திக்கொள்ளத் துணி கொடுப்பேன், அப்புறம் பெயரைக் கேட்பேன். தன் பெயரும் எந்த கிலோமீட்டரில் இருக்கிறோம் என்பதும் சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்காக. தடுமாறினால் உடனே மருத்துவக் குழுவை அழைப்போம். நெடுந்தூரம் சொன்ன குழப்பத்தை நான் நேரில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு பேருமே நிறையத் தண்ணீர் குடித்தவர்கள்.

ஒரு நடைமுறை விஷயம். பல பந்தயங்களில் கட்-ஆஃபைத் துப்பாக்கி வெடித்த நேரத்திலிருந்து எண்ணுவார்கள், உங்கள் நேரத்தைப் பதிகிற சிப் ஆரம்பக் கோட்டைத் தாண்டிய நேரத்திலிருந்து இல்லை. பின்வரிசையில் நின்றவர் கோட்டைத் தாண்டவே ஆறேழு நிமிடம் ஆகும். கைக்கடிகாரத்தில் நேரம் இருக்கிறதே என்று எங்களிடம் வாதாடுகிறவர்கள் எல்லாம் இந்த நிமிடங்களைத்தான் இழந்திருப்பார்கள். விதியைப் பதிவு செய்யும் முன்பே படித்துவிடுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸில், 1921இல் ஆரம்பித்த 90 கிலோமீட்டர் வாக்கிலான பந்தயம் அது, 12 மணி நேரம் முடியும்போது ஒருவர் ஓட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியைச் சுடுவார். யார் வருகிறார் என்று பார்த்தால் விரல் தயங்கும் அல்லவா? வண்டிக் கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். எங்களால் முதுகைக் காட்ட முடியாது.

ஓடுநட

நெடுந்தூரம் எழுதியதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். 35 நிமிடத்துக்கு ஒரு முழு ஜெல் சிலருக்குப் பாரம். நான் அரை அரையாக 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை எடுக்கிறேன், நடை நிமிடத்தில். மொத்தக் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான், வயிற்றுக்கு எளிதாக இருக்கிறது.

விடியல்ஓட்டம்

எல்லாருக்கும் நன்றி. படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. தலைவலி மறுநாளே போய்விட்டது, ஆனாலும் மருத்துவரைப் பார்த்துவிட்டேன். ரத்தப் பரிசோதனை இப்போது சரியாக இருக்கிறது, அடுத்த தடவை தாகத்துக்கு மட்டும் குடிக்கச் சொன்னார்.

நேற்றுக் காலையில் எடைக் கணக்கைச் செய்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் குறைந்தது 450 கிராம். இதுதான் என் வியர்வை என்றால், அன்றைக்கு மணிக்குக் கிட்டத்தட்ட 800 மில்லி குடித்திருக்கிறேன். பந்தயத்தன்று வெயில் கொஞ்சம் கூடுதல்தான், இருந்தாலும் இந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டே எடை மெஷின் மேல் நின்றேன். வீட்டிலும் காட்டினேன். ஹாஃபோடு நிறுத்தச் சொன்னவர்கள், அப்படியென்றால் சரி செய்யக்கூடிய விஷயம்தானே என்றார்கள்.

நெடுந்தூரம் அண்ணா, நீங்கள் சொன்ன ஏழு நாள் நாளையோடு முடிகிறது. பதிவு செய்யப்போகிறேன். தன்னார்வலர் சொன்னதைப் படித்ததும் விதியைப் பார்த்தேன், அதுவும் துப்பாக்கி நேரம்தான். அப்படியென்றால் ஆரம்பத்தில் முன்னால் போய் நின்றுகொள்ளலாமா?

நெடுந்தூரம்

ரொம்பச் சந்தோஷம். 450 என்பது குளிர்ந்த நேரத்துக்கு உள்ள எண், வெயிலில் ஒரு தடவை மறுபடியும் பாருங்கள்.

முன்னால் நிற்காதீர்கள். அங்கே சுற்றி இருக்கிறவர்கள் எல்லாம் ஆறு நிமிட வேகத்தில் கிளம்புவார்கள், கூட்டம் உங்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பழைய 2:29 மறுபடியும் வரும். 5:30 என்று எழுதிய பேஸர், அந்த நேரத்தில் முடிக்கச் சீரான வேகத்தில் ஓடிக் காட்டுபவர், இருந்தால் அவர் பக்கத்தில் நில்லுங்கள், இல்லையென்றால் கடைசியிலிருந்து கால்வாசி தூரத்தில். கோட்டைத் தாண்ட ஐந்து நிமிடம் போனாலும் 35வது கிலோமீட்டரில் 22 நிமிடம் மிச்சம் இருக்கிறது உங்களுக்கு. உள்ளங்கையின் பின்பக்கம் பேனாவில் நான்கே எண் எழுதிக்கொள்ளுங்கள்: 10க்கு 1:18, பாதிக்கு 2:45, 30க்கு 3:55, 35க்கு 4:33. இந்த நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டால் நடங்கள், நேரம் சரியாகும்வரை. ஓடுநட சொன்ன அரை ஜெல் முறையை முதல் மாதம் முயன்று பாருங்கள், உங்கள் வயிற்றுக்கு அதுதான் சரியாக வரும் என்று தோன்றுகிறது. ஜெல்லை ஸ்டேஷனில் எதிர்பார்க்காமல் இடுப்புப் பையில் நீங்களே கொண்டுபோங்கள், எட்டு. இரண்டு கூடுதலாக இருக்கட்டும்.

மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.